இறக்கை மங்கலாக இருக்கிறதாம்!

வணக்கம் மக்களே. இன்று டிசி-3 காக்பிட் வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். போன வீடியோவில் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஓடுகிற பி-51டி மஸ்டாங்குக்கு, அதாவது இரண்டாம் உலகப் போர் சண்டை விமானத்துக்கு, நான் போட்ட ரிபெயின்டை (புது வண்ணப் பூச்சை) காட்டினேன் இல்லையா, அதற்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "உடம்பு பளபளவென்று இருக்கிறது, இறக்கை மட்டும் ஏன் மங்கல்? மெட்டாலிக் போட மறந்துவிட்டீர்களா?"

மறக்கவில்லை ஐயா. அந்த மங்கலைக் கொண்டுவரத்தான் இரண்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மஸ்டாங்கின் இறக்கை லேமினார் ஃப்ளோ வகை. காற்று அதன்மேல் கலையாமல் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். அதற்காகத் தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதியில் இருக்கும் ரிவெட் (தகடுகளைப் பிடிக்கிற ஆணி), தகடு இணைப்பு எல்லாவற்றையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, இறக்கைக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். உடம்புதான் வெறும் உலோகம். ஆக, ஒரே விமானத்தில் இரண்டு வெள்ளி: ஒன்று அலுமினியம், இன்னொன்று அலுமினிய நிறப் பெயின்ட். இன்று ஏர் ஷோவில் கண்ணாடி மாதிரி தேய்த்து நிறுத்தியிருக்கும் மஸ்டாங்கைப் பார்த்துவிட்டு 1944-ல் போருக்குப் போன மஸ்டாங்கை வரையாதீர்கள். அது வேறு, இது வேறு.

சரி, திரைக்கு வருவோம். இதோ ஆல்பிடோ கோப்பு, விமானத்தின் நிறத்தைச் சொல்கிற படம். எவ்வளவு வெளிறிப்போய் இருக்கிறது பாருங்கள். அலுமினியத்துக்கு நான் வைத்திருப்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 255-க்கு 245, 246, 246. கிட்டத்தட்ட வெள்ளை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். உலோகம் என்றால் சாம்பல் நிறம் என்று நினைத்து 140, 150 என்று அடித்துவிடுவார்கள். பிறகு விமானம் ஈயத்தில் வார்த்த மாதிரி நிற்கும். உலோகத்துக்கென்று தனியாக ஒரு சாம்பல் கிடையாது. நாம் பார்ப்பது அது திருப்பிக் காட்டுகிற வானத்தையும் தரையையும்தான். எஃப்எஸ்எக்ஸ் என்ற பழைய சிமுலேட்டர் காலத்தில் மேலே கொஞ்சம் நீலம், கீழே கொஞ்சம் பழுப்பு என்று பிரதிபலிப்பையே கையால் வரைவோம். நானும் வரைந்திருக்கிறேன், என் பழைய வீடியோக்களைத் தயவுசெய்து தேடாதீர்கள். இப்போது அதைச் செய்தால் விமானம் தலைகீழாகப் பறக்கும்போதும் வயிற்றில் பழுப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

உண்மையான வேலை காம்ப் கோப்பில்தான் இருக்கிறது, பரப்பு எப்படி மின்னும் என்று சொல்கிற படம் அது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் இதன் சிவப்புச் சேனல் அக்லூஷன் (இடுக்குகளின் நிழல்), பச்சை ரஃப்னஸ் (சொரசொரப்பு, ஏற ஏற மங்கும்), நீலம் மெட்டாலிக் (உலோகமா இல்லையா என்பது). உடம்புத் தகடுகளுக்கு ரஃப்னஸ் 85-லிருந்து 115-க்குள் விளையாடுகிறேன். ஒவ்வொரு தகடும் உருட்டி எடுத்த திசை வேறு, அதனால் பக்கத்துப் பக்கத்துத் தகடே வேறுவிதமாக ஒளிரும். நிஜப் படங்களைப் பார்த்தால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியுமே, அது இதனால்தான். ஆனால் இரண்டு மூன்று எண் வித்தியாசம் வைக்காதீர்கள், கோப்பைச் சிறிதாக்குகிற டிஎக்ஸ்டி1 சுருக்கத்தில் அது காணாமல் போய்விடும். எட்டு, பத்து என்று தைரியமாக வையுங்கள்.

இறக்கைக்கு? இங்கேதான் தலைவலி. பெயின்ட் என்றால் மெட்டாலிக் பூஜ்யம், அதுதானே விதி. அப்படி வைத்தேன், சிமென்ட் பூசிய மாதிரி வந்தது. அலுமினியத் தூள் கலந்த பெயின்ட் ஆயிற்றே, முழுக்கச் செத்த நிறமாக இருக்காது. கடைசியில் மெட்டாலிக்கை முழுதாக வைத்து, ரஃப்னஸை 160-க்கு ஏற்றி, நிறத்தை 200-க்கு இறக்கினேன். விதிப்படி தப்பு. கண்ணுக்குச் சரி. மூக்கின் மேலே விமானியின் கண் கூசாமல் இருக்க அடித்த ஆலிவ் நிறப் பட்டைக்கு மட்டும் விதிப்படி பூஜ்யம்.

இப்போது அந்த இரண்டு ராத்திரிக் கதை. எல்லா எண்ணும் இப்படி வைத்துவிட்டு சிம்மில் ஏற்றினால், விமானம் புளிபோட்டுத் தேய்த்த எவர்சில்வர் சொம்பு மாதிரி ஜொலிக்கிறது. ரஃப்னஸை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். இறக்கைக்கு 190 வைத்தும் மின்னுகிறது! கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகப்பட்டேன், ரன்வேயைச் சந்தேகப்பட்டேன், சூரியனையே சந்தேகப்பட்டு மேகம் போட்டுப் பார்த்தேன். டிரைவரை அழித்து மறுபடி போட்டதில் ஒரு ராத்திரி போனது. கடைசியில் பார்த்தால், ஒவ்வொரு டிடிஎஸ் படக் கோப்போடும் அதை எப்படிப் படிக்கவேண்டும் என்று சொல்கிற ஒரு குட்டி ஜேசன் கோப்பு வருமே, காம்ப்புக்கு உரியதைப் புதிதாக எழுதச் சோம்பல்பட்டு ஆல்பிடோவின் ஜேசனை நகலெடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறேன். "காமா கரெக்‌ஷன் வேண்டாம்" என்கிற ஒரு கொடி, அதாவது குறிச்சொல், அதில் இல்லை. வண்ணப்படத்தின் எண்களை ஒளியின் அளவாக மாற்றுவதுதான் அந்தக் கரெக்ஷன். அது இல்லையென்றால் சிம் காம்ப்பையும் வண்ணப்படமாக நினைத்துக்கொள்ளும். நான் 128 என்று எழுதினால் அது 55 என்று படிக்கும். மின்னாமல் என்ன செய்யும்? ஒரே ஒரு சொல் மக்களே. அதைச் சேர்த்து மறுபடி ஏற்றியபோது ராத்திரி மூன்று மணி. இறக்கை அழகாக மங்கியது. நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினேன்.

ஆங், சொல்ல மறந்துவிட்டேன், கோப்பை மாற்றினால் கோப்புகளின் பட்டியலான லேஅவுட் ஜேசனையும் புதுப்பிக்கவேண்டும். புதிதாகச் சேர்த்த கோப்பு அதில் இல்லையென்றால் சிம் அதைத் திரும்பியும் பார்க்காது. இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கவேண்டும்.

இன்னொன்று, அழுக்கு. எக்ஸாஸ்ட் குழாய்களுக்குப் பின்னால் படிகிற கரியை ஆல்பிடோவில் மட்டும் கறுப்பாக அடித்தால் கறுப்பு உலோகமாக மின்னும். அந்த இடத்தில் மெட்டாலிக்கை இறக்கி ரஃப்னஸை ஏற்றுங்கள், அப்போதுதான் கரி கரியாக இருக்கும். ரிவெட்டுகளைச் சுற்றியும் மெல்லிய அழுக்கு வளையம் விட்டிருக்கிறேன். வாலுக்குப் போய்க் காட்டுகிறேன், அங்கே நன்றாக விழுந்திருக்கிறது. பாருங்கள், ஃபின்னில், அதாவது செங்குத்து வாலில், வரிசையாக, அப்படியே அதன் பின்னால் திரும்புகிற ரட்டர்வரைக்கும்...

ஒரு நிமிஷம்.

ரட்டர் துணி. மஸ்டாங்கின் ரட்டர் துணி போர்த்தியது. துணியில் எங்கே ரிவெட் வரும்? நான் நாற்பது ரிவெட் அடித்து, அழுக்கு வளையமும் போட்டு, மெட்டாலிக்கும் முழுதாக வைத்திருக்கிறேன். இறக்கையைப் பற்றிக் கேட்டவர்கள் அத்தனை பேரில் ஒருவர்கூட இதைப் பார்க்கவில்லையா?

சரி, ரெக்கார்டிங்கை நிறுத்துகிறேன். இதைச் சரிசெய்யாமல் கோப்பைத் தரமாட்டேன். டிசி-3 அதற்கும் அடுத்த வாரம்.