முதல் நாள் கொப்பளிக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஞானப்பல்லை அறுவை செய்து எடுத்தபின், பஞ்சைக் கடித்தபடியே எழுந்து உட்காரும் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். பேச முடியாதவர்கள் கைபேசியில் எழுதிக் காட்டுவார்கள்: "டாக்டர், எந்த மவுத்வாஷ் நல்லது? மூலிகையா, மற்றதா?" இன்றைக்கு எதுவுமே வேண்டாம், வெறும் தண்ணீரில்கூடக் கொப்பளிக்காதீர்கள் என்பேன். முகம் வாடிவிடும்.

பல் இருந்த குழியில் ரத்தம் ஊறி, உறைந்து, கருஞ்சிவப்பாக ஒரு கட்டி நிற்கும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்பு முனைகளுக்கும் அதுதான் மூடி. புதுச்சதை வளர்வதும் அதைப் பிடித்துக்கொண்டுதான். முதல் 24 மணி நேரத்துக்குள் கொப்பளித்தாலோ, காறித் துப்பினாலோ, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலோ அது பெயர்ந்துவிடக்கூடும்.

இதையெல்லாம் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கும் ஞானப்பல் எடுத்தார்கள். அன்று இரவு வாயெல்லாம் இரும்பு ருசி. பொறுக்க முடியாமல், கன்னம் உப்ப இரண்டு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டேன். மூன்றாம் நாள் காலை வலி தாடையிலிருந்து காதுக்கு ஏறியது. வாயில் ஒரு நாற்றம். டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தால் குழிக்குள் வெளுப்பாக எலும்பு. டிரை சாக்கெட் என்பார்கள் இதை. கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்தவர்களுக்கு இது சற்று அதிகமாகவே வரும்; புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால் அந்த இரண்டு வாய் தண்ணீர்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சந்தேகம் மட்டும் இன்றும் இருக்கிறது.

சரி, மறுநாளிலிருந்து? ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துக்கொண்டு தலையை மெல்ல இப்படியும் அப்படியும் சாய்த்து, துப்பாமல் வாயைத் திறந்து வழியவிட்டால் போதும். சாப்பிட்ட பிறகெல்லாம் செய்யலாம். சுலபமாக வந்துவிட்ட பல்லுக்கு இதற்கு மேல் பெரிதாகத் தேவைப்படாது.

எலும்பைச் செதுக்கி எடுத்த பல் என்றால் நான் எழுதித் தருவது குளோர்ஹெக்சிடின். 1950களில் புழக்கத்துக்கு வந்த கிருமிநாசினி இது, வாய்க்கு 0.12 அல்லது 0.2 சதவீதக் கரைசலாகக் கிடைக்கிறது. துப்பிய பிறகும் பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்யும். டிரை சாக்கெட் வரும் வாய்ப்பைக் குறைப்பதில், கொப்பளிக்கும் மருந்துகளில் நல்ல சான்று இருப்பது இதற்குத்தான். தொந்தரவும் உண்டு. நாளாக நாளாகப் பல்லில் பழுப்புக் கறை ஏறும். நாக்கு மரத்ததுபோல் உப்புச் சுவை சரியாகத் தெரியாது. அபூர்வமாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். ஒரு வாரத்தோடு நிறுத்தச் சொல்வது கறைக்காகத்தான். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இதன் வீரியத்தைக் கெடுக்கும் என்பதால், பல் துலக்கி அரைமணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.

இனி மூலிகை. மூலிகை ஒரு கட்சி, மருந்து எதிர்க்கட்சி என்று நினைப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. 1879இல் உருவாக்கப்பட்ட லிஸ்டரின் மவுத்வாஷில் இருக்கும் தைமோல் ஓமத்திலும் இருக்கிறது; அதே மவுத்வாஷில் இருக்கும் யூகலிப்டால் யூகலிப்டஸ் எண்ணெயின் சரக்கு. பச்சைத் தேநீர், மஞ்சள் போன்றவற்றை ஞானப்பல் எடுத்தவர்களிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வலி குறைந்ததாகச் சொல்லும் முடிவுகளும் உண்டு. ஆனால் பெரும்பாலும் சிறு ஆய்வுகள். ஒருவர் காய்ச்சும் கஷாயத்தின் வீரியம் இன்னொருவர் காய்ச்சுவதில் இருக்காது. கஷாயம்தான் பிடிக்கும் என்றால் நன்றாக வடிகட்டி, ஆறவைத்துக் கொப்பளியுங்கள். வடிகட்டாத தூள் குழியில் போய் உட்கார்ந்துவிடும். பாட்டிலில் வாங்கினால் ஆல்கஹால் இல்லாததா என்று பாருங்கள். இலைப்படம் போட்ட பாட்டிலிலும் ஆல்கஹால் இருக்கலாம், பச்சைப் புண்ணில் பட்டால் சுரீர் என்று எரியும்.

கிராம்பு எண்ணெயை அப்படியே பஞ்சில் நனைத்துக் குழியில் வைத்துக்கொண்டு வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பஞ்சு பட்ட இடமெல்லாம் ஈறு வெந்து வெள்ளையாக உரிந்திருந்தது. அதே கிராம்பின் யூஜெனாலை அளவோடு சேர்த்த மருந்தைத்தான் டிரை சாக்கெட் குழியில் நாங்கள் வைக்கிறோம்.

மூன்றாம் நாள் வலி குறையாமல் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, எந்தப் பாட்டிலையும் தேடாமல் பல் எடுத்தவரிடமே போங்கள். நானும் போனேன். என் பேராசிரியர் குழியைக் கழுவி, கிராம்பு மணக்கும் மருந்துத்துணியை வைத்து அடைத்தார். கொஞ்ச நேரத்தில் வலி இறங்கியது. "அன்றைக்கே கொப்பளித்தாயா?" என்று கேட்டார். வாயில் மருந்து இருந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு, தலையைப் பொதுவாக ஆட்டிவைத்தேன்.