துருவேறி இறுகிய பிஸ்டன்

நேயர்களுக்கு வணக்கம். பல மழைக்காலங்கள் வெட்டவெளியில் நின்றுவிட்ட பழைய டிராக்டரின் எஞ்சின் சுற்ற மறுத்தால், அதைச் சேதப்படுத்தாமல் விடுவிப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன். மாஸி பெர்குசன் 35 டிராக்டரில் வந்த பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அதன் சிலிண்டர் விட்டம் 91.4 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 127 மில்லிமீட்டர், கொள்ளளவு ஏறத்தாழ 2.5 லிட்டர்.

இறுகுவதற்குப் பெரும்பாலும் மூடியில்லாத சைலென்சர் குழாயே காரணம். மேல்நோக்கி நிற்கும் அந்தக் குழாய் வழியாக இறங்கும் மழைநீர், எந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு, அதாவது புகை வெளியேறும் வால்வு, திறந்த நிலையில் நின்றுவிட்டதோ அதற்குள் போய்ச் சேர்கிறது. ஆகவே, மூன்றில் ஒன்று மட்டும் இறுகி மற்ற இரண்டும் நல்ல நிலையில் இருப்பதைப் பட்டறையில் அடிக்கடி காண்கிறோம். பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது; அது துருப்பிடிப்பதில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பு ரிங்குகளும், சிலிண்டரின் உட்சுவராக அமைந்த லைனர் குழலும்தான் துருவேறி ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன.

கியரில் போட்டு இன்னொரு வண்டியால் கட்டி இழுத்துப் பார்ப்பதுதான் பலரும் முதலில் செய்வது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிலிண்டரில் தேங்கிய நீரோ எண்ணெயோ அழுத்தத்துக்குச் சுருங்காது என்பதால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். திறந்தபடி இறுகிய வால்வின் மேல் பிஸ்டன் மோதும். டீசல் பம்பும் இறுகியிருந்தால் அதன் தண்டு முறியும். எனவே ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, அதன் பல் பிளைவீலில் சிக்கியிருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பிலுள்ள ஆயிலை வடித்து, தண்ணீர் முதலில் வருகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் நீரையும் வடித்துவிட்டு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும், சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டையும் இறக்குங்கள்.

பிஸ்டனுக்கு மேலே தெரியும் லைனர் சுவரை எண்ணெய் தோய்த்த எமரித் தாளால் துரு நீங்கும்வரை தேய்த்து, வண்டலைத் துணியால் ஒற்றி எடுத்தபின், டீசலையும் கியர் ஆயிலைவிட இளகலான ஏதேனும் ஓர் எண்ணெயையும் கலந்து ஊற்றி வையுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து ஊற்றுவோரும் உண்டு. அது நன்றாக ஊடுருவும், ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். எது ஊற்றினாலும் ஒரு வாரமாவது விடவேண்டும். இரண்டு மூன்று வாரம் ஆனாலும் எனக்கு வியப்பில்லை. எண்ணெய் மட்டம் மெல்ல இறங்குகிறது என்றால் அது ரிங்கைக் கடந்து கீழே போகிறது என்று பொருள். அதுவே நல்ல அறிகுறி.

பிறகு பலத்தைக் கொடுக்கவேண்டிய இடம் பிஸ்டன் தலை அன்று, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நான் பிஸ்டன் மேல் வைத்த கட்டையைச் சம்மட்டியால் ஓங்கி அடித்து ஒரு நல்ல பிஸ்டனைக் கீறல் விட வைத்தேன். அன்று அந்த விவசாயியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றதை இன்றும் மறக்கவில்லை. பிஸ்டன் உச்சியில் நின்றால், ராடும் கிராங்கும் நேர்க்கோட்டில் இருப்பதால், மேலிருந்து விழும் அடி தண்டைச் சுற்றாது, பேரிங்கைத்தான் நசுக்கும். ஆனால் அதே நிலையில் கிராங்கைத் திருப்பினால், தண்டு நன்றாகத் திரும்பினாலும் பிஸ்டன் மிகக் கொஞ்சமே நகரவேண்டியிருப்பதால், கை கொடுக்கும் பலம் பல மடங்காகிப் பிஸ்டனைப் போய்ச் சேர்கிறது. மேலும், இந்த எஞ்சினில் கிராங்குகள் 120 பாகை இடைவெளியில் உள்ளன. ஒன்று உச்சியில் நிற்கையில் மற்ற இரண்டில் ஒன்றை அழுத்தினால் தண்டு ஒரு பக்கமும், இன்னொன்றை அழுத்தினால் மறுபக்கமும் திரும்ப முயலும். அந்த இரண்டின் மேலும் மரக்கட்டை வைத்து மாற்றி மாற்றி இலேசாகத் தட்டும்போது, உதவியாளர் முன்புற புல்லி நட்டில் நீளமான ஸ்பானரை மாட்டி இருபுறமும் ஆட்டிக்கொண்டிருக்கட்டும்.

புல்லியிலும் அதன் எதிரேயுள்ள மூடியிலும் சாக்பீஸால் ஒரே கோட்டை வரைந்துவைத்தால் அசைவு கண்ணுக்குத் தெரியும். அரை நூல், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர், விலகினாலும் போதும். அத்துடன் நிறுத்தி, மறுபக்கம் திருப்பி, மேலும் எண்ணெய் விட்டு, அடுத்த நாள் தொடருங்கள். ஒரே பக்கமாக வலிந்து திருப்பினால் உதிர்ந்த துரு ரிங்கின் கீழ் சேர்ந்து மறுபடி இறுகும்.

சுற்றத் தொடங்கியதும் உடனே ஸ்டார்ட் செய்யும் ஆசை வரும். பிஸ்டன்களை வெளியே எடுத்து, ரிங்குகள் பள்ளத்தில் தாராளமாக அசைகின்றனவா என்றும், லைனரில் நகம் சிக்கும் குழிகள் இருக்கின்றனவா என்றும் பார்த்தபிறகே பூட்டவேண்டும். குழி ஆழமாக இருந்தால் லைனரை மாற்றத்தான் வேண்டும். பூட்டி முடித்து வண்டியை நிறுத்தும் அன்றே, சைலென்சர் வாயில் ஒரு பழைய தகர டப்பாவையாவது கவிழ்த்து வையுங்கள். வணக்கம்.