தங்கத் தட்டில் தமிழ் ஏன் இல்லை?

அவையோருக்கு வணக்கம்.

வேற்றுலகவாசிகள் யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று நாசா வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்க இசைத்தட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "55 மொழிகளில் வாழ்த்துச் சொன்னார்களே, தமிழ் ஏன் இல்லை?" என்பதுதான். தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது. பேச ஆளே இல்லாத சுமேரியமும் இருக்கிறது! கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் இதில் சதி ஒன்றும் கிடையாது. 1977-இல் தட்டைத் தயாரித்த வானியலாளர் கார்ல் சேகன் குழுவுக்கு இருந்த அவகாசம் சில மாதங்கள்தான். பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழக வட்டாரத்தில் யார் அகப்பட்டார்களோ அவர்களை மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். மலையாளமும்தான் விட்டுப்போயிற்று.

சரி, பாட்டுக்கு வருவோம். இந்தியாவிலிருந்து எதைப் போடலாம் என்று சொன்னவர் ராபர்ட் பிரவுன். நம் மிருதங்கத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிய அமெரிக்கர். அப்படிப்பட்டவர் கை காட்டியது ஒரு கர்நாடக வித்வானை அல்ல, கோவாவில் பிறந்த இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கரை! 'ஜாத் கஹாங் ஹோ', பைரவி ராகம். நம் கர்நாடக பைரவி இல்லை. ஸ்வரங்களைப் பார்த்தால் தோடிக்குப் பக்கத்தில் வரும். என்னைக் கேட்டால், தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் பாட்டு இருந்த இசைத்தட்டு அப்போது விற்பனையில் இல்லை. கேசர்பாயோ ஒலிப்பதிவு என்றாலே தயங்கியவர், பதிவானதே கொஞ்சம். குழுவில் இருந்த ஆன் ட்ரூயன் நியூயார்க்கில் அலைந்து, இந்தியர் நடத்திய மின்சாதனக் கடை ஒன்றில், மேஜைக்கு அடியில் கிடந்த பெட்டியிலிருந்து அதைத் தேடி எடுத்தார். அங்கே கிடைத்திராவிட்டால் வேறு ஏதாவது போயிருக்கும்.

விண்ணுக்குப் போன தட்டு தங்க முலாம் பூசிய செம்பு, 12 அங்குலம். வழக்கமான எல்.பி. இசைத்தட்டு சுற்றும் வேகத்தில் பாதிதான் இதற்கு. அதனால்தான் சுமார் 90 நிமிட இசை அடங்கியது. முள்ளையும் கூடவே வைத்து, எப்படிப் போட்டுக் கேட்பது என்று உறைமேல் படமாகச் செதுக்கியும் அனுப்பினார்கள். வாயேஜர் 1 இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்.

விண்ணுக்குப் போன ஓவியத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1969-இல் ஆண்டி வார்ஹால் உட்பட ஆறு கலைஞர்களின் கோட்டுப் படங்களை விரல் நகமளவு பீங்கான் சில்லில் பதித்தார்கள். நிலவுக்கு அனுப்பக் கேட்டதற்கு நாசாவிடமிருந்து பதில் வரவில்லை. அப்பல்லோ 12-இன் இறங்குகலத்தில் வேலை பார்த்த ஒருவர் அதைக் கலத்தின் காலில் ஒட்டிவிட்டதாக 'ஜான் எஃப்.' என்ற பெயரில் தந்தி வந்தது. உண்மையா? நிலவுக்குப் போய்ப் பார்த்தால்தான் உண்டு. 1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் எட்டரை சென்டிமீட்டர் அலுமினியப் பொம்மையை நிலவில் வைத்ததற்காவது புகைப்படம் இருக்கிறது.

நான் பேசியது போதும். கேசர்பாய் பாட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன். மூன்றரை நிமிஷம்தான், கேட்டுவிட்டு அப்புறம் கேள்விகளுக்கு வருவோம்.