ஆளுக்குக் கால் பாட்டு

(குன்னூரில் நடந்த பழைய பாடகர் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்புள்ள மாஸ்டர்மார்களே, டீச்சர்களே, எங்களுக்கு முன்னே பாடிய அண்ணன்மார் அக்காமார்களே, பின்னே வந்த தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

பழைய மாணவர் சந்திப்பு எந்தப் பள்ளிக்கும் உண்டு. வகுப்பறையைப் பார்ப்பார்கள், பழைய பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுப்பார்கள், மதியம் சாப்பிட்டுவிட்டு மேட்டுப்பாளையம் பஸ் பிடிப்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாட்டுக்காகவே சேர்ந்து வளர்ந்த நம்முடைய கூட்டம் அப்படி முடிந்துவிடக் கூடாது. நாம் கூடுகிற நாள் முதலில் பாடுகிற நாளாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இதைக் கேட்டுக்கொள்ளத்தான் இன்று மைக் முன் நிற்கிறேன்.

நான் ஆல்ட்டோ. நான்கு குரல் பாட்டில் மெட்டைப் பாடுவது சோப்ரானோ, அதற்குக் கீழே துணையாக ஓடுகிற பெண் குரல் ஆல்ட்டோ, ஆண் குரல்களில் மேலே டெனர், அடியில் பாஸ். பள்ளி முடிக்கும்வரை அந்த வரிசையில்தான் நின்றேன். கல்யாணமாகிக் கூடலூர் போன புதிதில் என் மாமியார், "நீ பாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாமே, ஒரு பாட்டுப் பாடும்மா" என்றார். கிறிஸ்துமஸ் கேரல் ஒன்றைப் பாடினேன். இரண்டு வரி கேட்டுவிட்டு, "இது எந்தப் பாட்டும்மா?" என்றார். வருஷா வருஷம் அவர் வீட்டு வாசலில் வந்து பாடுகிற பாட்டுதான் அது. ஆனால் நான் பாடியது ஆல்ட்டோ. ஒரே சுரத்தில் ஐந்தாறு முறை நிற்கும், ஒரு படி இறங்கும், மறுபடி ஏறும். மெட்டு என்னிடம் இல்லை. அது சோப்ரானோவிடம் இருந்தது. என்னோடு பாடிய சோப்ரானோ அப்போது சென்னையில் இருந்தாள்.

இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் அப்படித்தான். பாஸ் பாடிய அண்ணனுக்குப் பாட்டின் அடித்தளம் தெரியும், மேலே என்ன நடக்கிறது என்று அவர் வாயால் பாடிக் காட்ட முடியாது. டெனர் பாடியவருக்கு நடுவிலே ஓடுகிற ஒரு கோடு தெரியும். சொற்கள் எல்லாருக்கும் ஒன்று, பாட்டு மட்டும் ஆளுக்குக் கால் பங்கு. மற்ற பள்ளிகளின் பழைய மாணவர்கள் தனித்தனியாக இருந்தாலும் தங்கள் நினைவுகளை முழுசாக வைத்திருக்கிறார்கள். நம்முடைய நினைவுக்கு நான்கு பேர் வேண்டும். நான்கு வரிசையும் ஒரே அறையில் நிற்காதவரை, நாம் பத்து வருஷம் படித்த பாட்டு உலகத்தில் எங்குமே இல்லை.

கீர்த்தனை வேறு மாதிரி. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இசையில் கட்டிக் கொடுத்த கீர்த்தனையை ஒரு பாட்டி அடுப்படியில் நின்று முழுதாகப் பாடிவிடலாம். 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு வெப் அந்தக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அவை ஊர் ஊராகப் பரவின என்றால், ஒரு ஆளும் ஒரு புத்தகமும் இருந்தாலே போதும் என்பதும் அதற்கு ஒரு காரணம். நம் பள்ளியில் இரண்டும் படித்தோம். கீர்த்தனையை வீட்டுக்கு எடுத்துப்போனோம், பிள்ளைகளுக்குத் தாலாட்டாகப் பாடினோம். நான்கு குரல் பாட்டை மட்டும் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டுப் போனோம். விட்டுப்போக வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. தனியாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அவ்வளவுதான்.

பாடகர் பள்ளிகள் பழமையாக இருக்கிற ஊர்களில் இது நன்றாகத் தெரியும். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துப் புனித தோமா ஆலயப் பாடகர் குழு 1212-இல் தொடங்கியது. இசைமேதை பாக் 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை அங்கேதான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியை 1441-இல் நிறுவிய ஆறாம் ஹென்றி மன்னர், ஆலயத்தில் 16 சிறுவர்கள் பாட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்; இன்றும் சிறுவர்கள் 16 பேர்தான். இங்கிலாந்தின் பேராலயங்கள் பலவற்றில் பழைய பாடகர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் கூடுகிறார்கள். சாப்பாடு உண்டு, பேச்சு உண்டு. ஆனால் மாலை வழிபாட்டில் இன்றைய பிள்ளைகளோடு சேர்ந்து நின்று பாடுவதுதான் அந்த நாளின் மையம். எழுபது வயதுக்காரரும் பத்து வயதுக்காரரும் ஒரே ஏட்டைப் பார்த்துப் பாடுகிறார்கள். அங்கே பெண் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. சாலிஸ்பரி பேராலயம் 1991-இல்தான் சிறுமிகளுக்கென்று ஒரு பாடகர் குழு அமைத்தது. அந்த விஷயத்தில் நம் மலைப் பள்ளிகள் பின்தங்கியிருக்கவில்லை என்பதை ஆல்ட்டோ வரிசை சார்பில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

"அக்கா, இப்போ யாருக்குக் குரல் இருக்கு?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி, அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் நம் தம்பிமார்கள். சின்ன வயதில் ட்ரெபிள், அதாவது சிறுவரின் உயர்ந்த குரலில், பாடிய பையன்கள், குரல் உடைந்ததும் ஒரு நாள் வரிசையிலிருந்து விலக்கப்பட்டவர்கள். குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீள்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. உடம்பின் வேலை அது, யார் குற்றமும் இல்லை. வியன்னாவில் ஹைடன் என்ற பெரிய இசைமேதையையே குரல் உடைந்ததும் பாடகர் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பினார்கள். நம் பையன்களில் சிலர் பிறகு டெனருக்கோ பாஸுக்கோ திரும்பி வந்தார்கள், பலர் வரவேயில்லை. அவர்கள் தலைக்குள் ட்ரெபிள் வரி அப்படியே இருக்கிறது, வாய்க்கு மட்டும் எட்டாது. இவர்களைத்தான் முதலில் அழைக்க வேண்டும் என்பேன். ஒரு ஸ்தாயி கீழே பாடிக் காட்டட்டும், இன்றைய சிறுவர்கள் மேலே பிடித்துக்கொள்வார்கள். அந்த வரியை இந்தப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யாருமில்லை.

அடுத்து, என்னைப் போல ஐம்பது தாண்டியவர்கள். மேல் சுரம் எட்டவில்லை, மூச்சு நிற்கவில்லை. இதற்கு நம் கையிலேயே மருந்து இருக்கிறது. நாம் படித்தது கோட்டு இசைக்குறிப்பு அல்ல, டோ ரே மீ என்று சுரங்களை எழுத்தாலேயே எழுதுகிற டானிக் சோல்ஃபா. நாரிச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கி, ஜான் கர்வன் 1840-களில் செம்மைப்படுத்திய முறை அது. தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் நான்கு குரல் பாடினார்கள். அதன் சிறப்பு என்ன? முதல் சுரமான டோ-வை, நம் 'ச' மாதிரி, எங்கே வைக்கிறோமோ அங்கிருந்து மற்றதெல்லாம் தானாக வரும். ஜீ சுருதியில் பாடிய பாட்டை ஈ ஃப்ளாட் சுருதிக்கு இறக்க வேண்டுமானால் தாளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஆர்மோனியத்தில் டோ-வை மட்டும் இறக்கினால் போதும். வயதானவர்கள் பாடுவதற்கென்றே வடிவமைத்த மாதிரி இருக்கிறது. சுருதி இறங்கினால் கௌரவம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். எல்லாரும் பாடுகிற சுருதிதான் அன்றைக்குச் சரியான சுருதி.

இப்போது என் மனதை அதிகம் அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நம் பாட்டுகளில் பல எந்தப் புத்தகத்திலும் இல்லை. திருச்சபையின் பாமாலைப் புத்தகத்தில் இருக்கிற ஆல்ட்டோ வேறு, நம் மாஸ்டர் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப்போட்ட ஆல்ட்டோ வேறு. பிள்ளைகளின் குரலைப் பார்த்து அவர் மாற்றுவார். டெனர் இரண்டே பேர் இருந்த வருஷத்தில் டெனரையும் பாஸையும் சேர்த்து ஒரே வரியாக்கிக் கொடுத்தார். தமிழ்ச் சொல் அழுத்தத்துக்குப் பொருந்தாமல் மேல்நாட்டு மெட்டு இடித்த இடங்களில், ஒரு சுரத்தை இரண்டாகப் பிரித்துப் போட்டார். ப்ராக்டிஸ் முடிந்ததும் பலகை அழிக்கப்பட்டது. சைக்ளோஸ்டைல் எடுத்த தாள்கள் கொஞ்சம் இருந்தன. இந்த மலை ஈரத்தில் காகிதம் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி ஆடி மழையில் பீரோவுக்குள் வைத்த சேலையே பூஞ்சை பிடிக்கிறது.

ஆகவே அந்த இசைக்கு மிஞ்சியிருக்கும் ஏடு நாம்தான். அதிலும் ஒரு ஏட்டில் ஒரு குரல்தான். போன மாதம் நாங்கள் நான்கைந்து பேர் ஒரு வீட்டில் கூடி, அறுப்பின் பண்டிகைப் பாட்டு ஒன்றை மீட்க முயன்றோம். தனியாக உட்கார்ந்தபோது எனக்கு மூன்றாவது அடி மறந்தே போயிருந்தது. பாஸ் பாடிய அண்ணன் தொடங்கியதும், என் வாய் தானாக அந்த அடிக்குள் போய் நின்றது. மறந்தது என்று நான் நினைத்தது மறக்கவில்லை, பக்கத்துக் குரலுக்காகக் காத்திருந்தது. இப்படி ஒவ்வொரு பாட்டாக எடுத்து, பாடிப் பதிவுசெய்து, சோல்ஃபாவில் எழுதி வைப்போம். நம்மில் மூத்தவர்கள் இருக்கும்போதே செய்வோம். பாஸ் வரிசையில் இந்த வருஷம் இரண்டு இடம் காலியாகிவிட்டது. அவர்களோடு போன வரிகளை யாரிடம் கேட்பது?

"வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு பதிவு அனுப்பிச் சேர்த்துவிடலாமே" என்று இளையவர்கள் சொல்கிறார்கள். 2020 ஊரடங்கில் உலகம் முழுக்கப் பாடகர் குழுக்கள் அதைத்தான் செய்தன. எழுதி வைக்க அது உதவும், செய்யுங்கள். ஆனால் இணையத்தில் ஒருவர் குரல் மற்றவருக்குச் சற்றுத் தாமதமாகவே போய்ச் சேரும். சேர்ந்து ஒரே நேரத்தில் பாட முடியாது. பக்கத்தில் நிற்பவர் இம்மியளவு இறங்கினால் நாமும் இறங்கிச் சேர்ந்துகொள்கிற அந்தக் காது, ஒரே அறையில் மட்டும்தான் வேலை செய்கிறது.

இனி நடைமுறை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

சால்வைகளைக் குறைப்போம். மரியாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் சால்வை போர்த்தி, ஒவ்வொருவரும் நன்றி சொல்லி முடிப்பதற்குள் கடைசி பஸ் நேரம் வந்துவிடுகிறது. மாஸ்டருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர் சொல்லிக்கொடுத்ததைப் பாடிக் காட்டுவது. அமர்வது பேட்ச் வாரியாக வேண்டாம், குரல் வாரியாக உட்காருவோம்.

மே மாதம் வேண்டவே வேண்டாம். ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டம் ஒரு பக்கம், 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் ஒரு பக்கம். ஐப்பசி கார்த்திகையும் வேண்டாம். 2009 நவம்பரில் மலைப்பாதை சரிந்ததை நாம் மறக்கவில்லை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் உறைபனி தொண்டையைக் கட்டும், படுகர் வீடுகளில் ஹெத்தையம்மன் பண்டிகையும் வரும். நான் பிப்ரவரியைச் சொல்கிறேன். பச்சைத் தேயிலை வரத்து குறைவான காலம் அது, தோட்டத்தில் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு லீவு கேட்பது எளிது.

அவர்களைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் வரிசைகளில் பாடினார்கள். அருமையான குரல்கள். அவர்களில் பலர் இன்று திருப்பூரிலும் கோவையிலும் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். சந்திப்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் வைத்தால் அவர்கள் வர மாட்டார்கள், வராததற்குக் காரணமும் சொல்ல மாட்டார்கள். இருக்கிறவர்கள் சேர்ந்து செலவைப் பார்த்துக்கொள்வோம். யார் எவ்வளவு கொடுத்தார் என்று மேடையில் வாசிக்க வேண்டாம். அதேபோல நம் குழுவில் இந்துப் பிள்ளைகள் பாடினார்கள், முஸ்லிம் பிள்ளைகள் பாடினார்கள். அன்றைக்கு யாரும் அவர்களிடம் மதம் கேட்கவில்லை. டைமிங் சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். ஜெபக் கூட்டம் என்று அழைப்பிதழில் அச்சிட்டால் அவர்கள் தயங்குவார்கள். பாட்டுக்கு வாருங்கள் என்று எழுதினால் வருவார்கள். பெயர்ப் பட்டியலை ஊர் வாரியாகப் பிரித்துக்கொண்டு, ஆளுக்குச் சிலரை நேரில் போய்க் கூப்பிடுவோம். கோத்தகிரி, கூடலூர் பக்கம் என் பொறுப்பு.

டீ வந்துவிட்டது. குடித்துவிட்டு எல்லாரும் இந்த ஹாலுக்கே திரும்புங்கள். சோப்ரானோ கதவுப் பக்கம், ஆல்ட்டோ ஜன்னல் பக்கம், டெனரும் பாஸும் பின்னால். ட்ரெபிள் பாடிய தம்பிமார்கள் முன்வரிசைக்கு வாருங்கள், பள்ளிப் பிள்ளைகள் உங்களுக்கு நடுவே நிற்பார்கள். தாள்கள் நாற்காலியில் இருக்கின்றன. டோ ஈ ஃப்ளாட்டில். முதலில் பாஸ் மட்டும் தொடங்கும்.