சால்மனும் பிராய்லரும்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சால்மன் மீன் வளர்ப்பைப் பற்றிப் பேச அழைப்பு வந்தபோது, கடலே இல்லாத கொங்கு நாட்டில் இதை யார் கேட்கப் போகிறார்கள் என்ற தயக்கம் எனக்கு இருந்தது. பிறகுதான், பல்லடத்திலும் உடுமலையிலும் பிராய்லர் கொட்டகை வைத்திருப்பவர்களைப் போல இந்தத் தொழிலின் கணக்கைச் சட்டென்று பிடித்துக்கொள்ளக்கூடியவர்கள் வேறு யாரும் இல்லை என்று தோன்றியது. இனம், தீவனம், தடுப்பூசி, இறப்பு ஆகிய நான்கை வைத்தே இரண்டு தொழில்களும் ஓடுகின்றன. கோழித் தீவன ஆலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மீன் தீவனத்துக்கு வந்தவன் நான். எனவே எதைப் பார்த்தாலும் முதலில் கோழிதான் நினைவுக்கு வருகிறது.

நம் மீன் கடைகளில் இந்தியன் சால்மன் என்று விற்கப்படுவது காலா மீன். அதற்கும் இதற்கும் உறவு கிடையாது. நான் சொல்வது அட்லாண்டிக் சால்மன். ஆற்றில் பொரித்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் குளிர்நீர் மீன் அது. அதற்கு உறவான டிரவுட் மீனுக்கு நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-ஆம் ஆண்டிலேயே பொரிப்பகம் அமைத்தார்கள். அந்தப் பக்கத்து மலைத் தண்ணீர்தான் குந்தா ஆறாக இறங்கிப் பவானியில் சேர்கிறது. தண்ணீர் சமவெளிக்கு வந்துவிடும். டிரவுட்டும் வராது, சால்மனும் வராது, நம் வெப்பத்தை அவை தாங்கா.

1970-இல் நார்வே நாட்டின் ஹித்ரா தீவில் கிரோன்ட்வெட் சகோதரர்கள் எண்கோண வடிவ மிதவைக் கூண்டு ஒன்றைக் கட்டிக் கடலில் சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். இன்று நார்வே மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 லட்சம் டன் சால்மன் வளர்க்கிறது; சிலி நாடு இரண்டாவது இடத்தில் இருக்கிறது. கூண்டு இந்த வளர்ச்சியின் ஒரு பாதிதான். மறுபாதி, ஆடு மாடுகளின் இன மேம்பாட்டில் தேர்ந்த அறிவியலாளர்களிடமிருந்து வந்தது. டிரிக்வே யெட்ரெம் என்பவரும் அவருடைய குழுவினரும் 1970-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 40 ஆறுகளிலிருந்து சால்மன் முட்டைகளைத் திரட்டி, குடும்பம் குடும்பமாகப் பிரித்து வளர்த்து, வேகமாக வளர்ந்த குடும்பங்களையே அடுத்த தலைமுறைக்குத் தாய் தந்தையாக்கினார்கள். தலைமுறைக்குப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் வளர்ச்சி கூடிக்கொண்டே வந்தது. பிராய்லர் 40 நாளில் இரண்டு கிலோ தாண்டுவதன் பின்னால் இருப்பதும் இதே வித்தைதான்.

தீவனத்தில் சால்மன் கோழியை முந்திவிட்டது. நம் பண்ணைகளில் எப்.சி.ஆர்., அதாவது ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கு, ஒன்றரைக்கு வந்தால் சூப்பர்வைசர் முகம் மலர்கிறார். சால்மனுக்கு அது ஏறத்தாழ 1.2. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவோ, காலூன்றி நிற்கவோ மீன் தீனியைச் செலவழிக்க வேண்டியதில்லை என்பதே காரணம். 1990-இல் நார்வேத் தீவனத்தில் பத்தில் ஒன்பது பங்கு மீன் தூளும் மீன் எண்ணெயுமாக இருந்தது. 2013 வாக்கில் அது ஏறத்தாழ மூன்று பங்காகச் சுருங்கி, சோயாவும் கடுகு இன எண்ணெயும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. சோயா விலை ஏறினால் நாமக்கல்லிலும் முனகல், நார்வேயிலும் முனகல். இன்னொன்று, அந்த இளஞ்சிவப்பு நிறமும் தீவனத்தில் கலக்கும் அஸ்டாசாந்தின் என்ற நிறமியால் வருவதுதான். முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் ஏற்றத் தீவனத்தைச் சரிசெய்யும் ஊர்க்காரர்களுக்கு இது வியப்பாக இராது.

தடுப்பூசியின் கதை இன்னும் சுவையானது. 1987-இல் நார்வேப் பண்ணைகள் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கொட்டின. ஒவ்வொரு குஞ்சுக்கும் கடலுக்குப் போகும் முன் வயிற்றில் ஊசி போடும் முறை வந்த பிறகு, உற்பத்தி பல மடங்கு பெருகியும் மருந்து ஒரு டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நார்வேயின் வளர்ச்சி முன்போல் இல்லை. கடல் பேன் என்ற ஒட்டுண்ணி குறுக்கே நிற்கிறது. மீனின் தோலைத் தின்னும் அந்தச் சிறு உயிரி ஒரு கூண்டில் பெருகினால், அதன் குஞ்சுகள் நீரோட்டத்தோடு போய் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் காட்டுச் சால்மனையும் பிடித்துக்கொள்கின்றன. எனவே ஒரு மீனுக்குச் சராசரியாக அரைப் பெண் பேனுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். 2017 முதல் கடற்கரையை 13 மண்டலங்களாகப் பிரித்து, பேன் குறைந்த மண்டலத்துக்குப் பச்சை, மிகுந்த மண்டலத்துக்குச் சிவப்பு என்று போக்குவரத்து விளக்கு போல அறிவிக்கிறார்கள். பச்சையில் உற்பத்தியைக் கூட்டலாம். சிவப்பில் குறைக்கச் சொல்லலாம். பேனைத் தின்னும் மீன்களைக் கூண்டில் விடுகிறார்கள், கேமரா பேனை அடையாளம் கண்டதும் லேசர் கதிரால் சுடும் கருவியை இறக்குகிறார்கள், 30 பாகைக்கு மேல் சூடான நீரில் மீனை அரை நிமிடம் முக்கி எடுக்கிறார்கள். இந்தச் சூட்டு வைத்தியம் எனக்கு உடன்பாடில்லை. குளிர்நீர் மீனுக்கு அது பெரும் வதை. கையாளும்போது படும் காயமும் சாவுக்கு ஒரு காரணம். 2023-இல் நார்வேக் கடல் கூண்டுகளில் 6 கோடிக்கும் அதிகமான சால்மன் இறந்தது. நூற்றுக்கு 16-க்கும் மேல்! ஒரு பேட்சில் ஐந்து விழுக்காடு கோழி செத்தாலே நம் பண்ணையாளரின் வளர்ப்புக் கூலியில் கம்பெனிக்காரர்கள் கை வைத்துவிடுவார்கள்.

இதனால் தொழில் இரண்டு பக்கமாக நகர்கிறது. ஒன்று ஆழ்கடல்: 2017-இல் இறங்கிய ஓஷன் ஃபார்ம் 1 என்ற கூண்டின் குறுக்களவு 110 மீட்டர். மற்றது கரை: நூறு கிராமில் கடலுக்கு அனுப்பிய குஞ்சை அரைக் கிலோ, ஒரு கிலோ வரை தொட்டியிலேயே வளர்த்துப் பேனுக்கு எட்டாத நாள்களைக் கூட்டுவது. தொட்டி நீரைச் சுத்திகரித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறார்கள். மீன் கழிவின் அம்மோனியாவை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. காற்றும் நீரோட்டமும் ஒரு நொடியும் நிற்கக் கூடாது.

நிற்கக் கூடாது என்பதன் பொருளை நான் அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கற்றேன். பங்காளி ஒருவர், கழிவை நுண்ணுயிரிகளைக் கொண்டே மாற்றும் பயோபிளாக் முறையில், தார்ப்பாய்த் தொட்டியில் திலேப்பியா மீன் விட்டிருந்தார். நள்ளிரவில் அலைபேசி அடித்தது. "ஏனுங்க அண்ணா, கரண்ட் போயி முக்கா மணி நேரமாச்சுங்க, மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குதுங்க" என்றார். ஜெனரேட்டரில் டீசல் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வெள்ளையாக மின்னியது. அத்தனையும் மீன்களின் வயிறு.

சால்மன் குஞ்சு நம் ஊருக்கு வராது என்றேன். ஆனால் அதன் வித்தை வந்துவிட்டது. 1992-இல் புவனேசுவரத்து நன்னீர் மீன் ஆராய்ச்சி நிறுவனம், சால்மன் இன மேம்பாட்டில் தேர்ந்த நார்வே நிறுவனத்தோடு சேர்ந்து, பல ஆறுகளின் ரோகு மீன்களைத் திரட்டிக் குடும்பத் தேர்வைத் தொடங்கியது. அதில் பிறந்த இனத்துக்கு ஜெயந்தி ரோகு என்று பெயர். அடுத்த முறை குளத்துக்குக் குஞ்சு வாங்கப் போகும்போது, அளவையும் விலையையும் கேட்பதோடு, தாய் மீன் ஜெயந்தியா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.