பீட்டுக்கு வாய் கிடையாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'ஹிப்ஹாப்பில் அதிகம் மறக்கப்பட்டவர்கள் ராப் பாடியவர்களா, பீட் போட்டவர்களா?' என்பது தலைப்பு. ராப் வரிகளுக்குப் பின்னால் ஓடும் தாளமும் இசையும்தான் பீட். அந்த பீட் போட்டவர்களே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி ராப் பாடகர் பிக் எல் பற்றி உருக்கமாகச் சொன்னார்கள். 1999இல், 24 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டவர். உயிரோடு இருந்தபோது வந்தது ஒரே ஆல்பம். அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மறுவருடம் வந்த ஆல்பம் அதிக விற்பனைக்கான கோல்டு சான்றிதழ் வாங்கியது. ஹார்லெமில் ஒரு தெருவுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

அதே நியூயார்க்கில், அதே 24 வயதில், 1989இல் இன்னொருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். பால் சி. இந்த அரங்கில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 1212 என்ற ஸ்டூடியோவில் அவர் சவுண்ட் இன்ஜினியர். அன்றைக்கு பீட் போட எஸ்பி-1200 என்று ஒரு மெஷின். மொத்தமே 10 வினாடி ஒலியைத்தான் அது தாங்கும். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45இல் ஓட்டிப் பதிவுசெய்து, பிறகு மெஷினுக்குள் வேகத்தைக் குறைத்து இடத்தை மிச்சம் பிடிப்பார்கள். பால் சி அதற்கும் மேலே போனார். பழைய ஸ்டீரியோ தட்டுகள் சிலவற்றில் டிரம்ஸ் ஒரு பக்கமும் மற்ற வாத்தியங்கள் மறுபக்கமும் ஒலிக்கும். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் டிரம்ஸ் தனியாக வந்துவிடும். அதையும் கிக் டிரம்மின் அடி வேறு, ஸ்னேர் டிரம்மின் அடி வேறு என்று வெட்டி, தன் தாளத்துக்கு மறுபடி அடுக்குவார். அவர் கைபட்ட, அல்ட்ராமேக்னெடிக் எம்சீஸ் என்ற ராப் குழுவின் 1988 ஆல்பத்தைக் கேளுங்கள். அந்த அடி இன்றைக்கும் நெஞ்சில் விழும்.

அந்த மெஷினை ஒரு பள்ளிக்கூடப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பையன்தான் லார்ஜ் புரொஃபசர். ராப் பாடகர் நாஸின் 'இல்மாட்டிக்' ஆல்பத்தில் 3 பாடல்களின் பீட் அவர் கைவண்ணம். வித்தை அதுவரை போய்ச் சேர்ந்தது, நடுவர் அவர்களே, குருவின் பெயர் போய்ச் சேரவில்லை. எரிக் பி - ரக்கிம் என்ற ஹிப்ஹாப் இணையின் 1990 ஆல்பத்துக்கும் பால் சி உழைத்தார். உறையில் தயாரிப்பாளராக அவர் பெயர் இல்லை.

'பீட் போட்ட ஜே டில்லாவின் மெஷினை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலேயே வைத்திருக்கிறார்களே' என்று எதிரணி கேட்கலாம். சரி, வைத்தார்கள். எப்போது? 2006இல், 32 வயதில் அவர் போன பிறகு. 90களில் அவர் போட்ட பீட் பலவும் 'தி உம்மா' என்ற குழுப் பெயரில்தான் வெளிவந்தன.

பாடுகிறவர் பாட்டுக்குள்ளேயே தன் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். பீட்டுக்கு வாய் கிடையாது. உறையில் அச்சடித்தால்தான் உண்டு.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே வேண்டுகோள். நீங்கள் உயிராய் நேசிக்கும் ராப் பாடல் ஒன்றைச் சொல்லுங்கள். அதற்கு பீட் போட்டவர் யார் என்பதையும் சொல்லிவிட்டு, அப்புறம் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.