ஸ்டாப்வாட்ச் யார் கையில்? சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு அறிவியல்

(திரையில்: மேசைமேல் ஒரு கூம்புக் குடுவை. அதன் அடியில் வெள்ளைத் தாள்; தாளில் கறுப்பு மையில் பெருக்கல் குறி. சுற்றிலும் நான்கு மாணவர்கள்.)

வணக்கம். இந்தச் சோதனையை உங்கள்ல பல பேர் செஞ்சிருப்பீங்க. சோடியம் தயோசல்பேட் கரைசல்ல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊத்துறோம். கொஞ்ச நேரத்துல கந்தகம் நுண்துகள்களா பிரிஞ்சு, கரைசல் பால் மாதிரி கலங்குது. மேலிருந்து பார்த்தா, அடியில இருக்கிற பெருக்கல் குறி மங்கி மங்கி மறைஞ்சே போயிடும். மறைய எத்தனை விநாடி ஆச்சுங்கிறதை வெச்சுத்தான் வினைவேகத்தைப் பத்திப் பேசுறோம்.

இப்ப அந்த நாலு பேரைப் பாருங்க. ஒருத்தன் அளக்கிறான், ஒருத்தி ஊத்துறா, இன்னொருத்தன் குறியைப் பார்த்துக்கிட்டிருக்கான். நாலாவது பொண்ணுக்குக் கண்பார்வை இல்லை. அவ கையில ஸ்டாப்வாட்ச். "இப்போ"ன்னு சொன்னா ஒரு தடவை அமுக்கணும், "போச்சு"ன்னு சொன்னா இன்னொரு தடவை. குடுவைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு அவகிட்ட கேட்டா, மத்தவங்க சொன்னதைத்தான் திருப்பிச் சொல்ல முடியும்.

இதை யாரும் கெட்ட எண்ணத்தோட செய்றது இல்லை. அடிபடாம ஒரு வேலை கொடுப்போமேன்னு பாசத்துலதான் கொடுக்கிறோம். அதே பாசத்துலதான் அறிவுசார் குறைபாடு இருக்கிற பையனுக்குப் பூவோட படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்றோம். காது கேட்காத பிள்ளையை முதல் வரிசையில உட்கார வெச்சதும் நம்ம கடமை முடிஞ்சதா நினைச்சுக்கிறோம். நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: எந்தப் பிள்ளையா இருந்தாலும் அறிவியல் கேள்வி அதேதான். அதுக்குப் போற வழியைத்தான் பிள்ளைக்கேத்த மாதிரி மாத்தணும்.

(திரையில்: அதே குடுவை. தாள் இல்லை, அடியில் ஒளி உணரி, மேலே சிறு விளக்கு.)

வெளிச்சத்தை ஒலியா மாத்தித் தர்ற உணரிகள் இருக்கு. சில மொபைல் ஆப்களும் இதைச் செய்யும். வெளிச்சம் கூடுனா ஒலி உச்சத்துக்குப் போற மாதிரி வெச்சுக்குவோம். கரைசல் தெளிவா இருக்கும்போது கீச்சுன்னு கேட்கும். கலங்கக் கலங்க ஒலி இறங்கிக்கிட்டே வரும்.

(ஒலி: உயர்ந்த சுருதி, மெல்ல இறங்குகிறது. பத்து விநாடி வேறு பேச்சு இல்லை.)

கேட்டீங்களா? "குறி மறைஞ்சிடுச்சு"ன்னு சொல்றது ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்தன் போச்சும்பான், பக்கத்துல இருக்கிறவ இன்னும் லேசா தெரியுதேம்பா. ஒலி எந்த இடத்துக்கு இறங்குனா நிறுத்தணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டா அந்த இழுபறி குறைஞ்சிடும். ஒரு பொண்ணுக்காகச் செஞ்ச மாற்றத்துல வகுப்புக்கே அளவீடு சீராகுது.

சரி, அமிலத்தை அவளே எப்படி அளப்பா? ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒண்ணு எடுத்துக்கோங்க. 5 மில்லி அளவுக்கு இழுத்துப் பிடிங்க. தண்டு குழாயை விட்டு வெளிய வர்ற அந்த இடத்துல, தண்டோட விளிம்புல சின்னதா ஒரு வெட்டு போடுங்க. 10 மில்லிக்கு இன்னொரு வெட்டு. இப்ப அவ இழுக்கும்போது முதல் வெட்டுல நகம் மாட்டும். அதுதான் 5. யாரையும் கேட்க வேண்டியதில்லை. விளிம்பு உயர்ந்த ஒரு தட்டுல எல்லாப் பொருளும் எப்பவும் அதே இடத்துல இருந்தா, கை தடவித் தேடி எதையும் தட்டி விடாது. இந்தச் சோதனையில கொஞ்சம் சல்பர் டை ஆக்சைடு வரும்கிறதால, ஜன்னலைத் திறந்து வைங்க. ஆஸ்துமா இருக்கிற பிள்ளை குடுவைக்குப் பக்கத்துல குனிய வேண்டாம். பாதுகாப்புங்கிறது இப்படி ஒவ்வொண்ணா யோசிக்கிற வேலை. பிள்ளையை ஓரமா உட்கார வைக்கிறதுக்கு அது காரணமாகக் கூடாது.

விரலால அறிவியல் செய்ய முடியுமான்னு சந்தேகம் இருந்தா, கீரட் வெர்மேயைப் பத்திச் சொல்றேன். 1946-ல நெதர்லாந்துல பிறந்தவர். மூணு வயசுல பார்வை போயிடுச்சு. நத்தை, சிப்பி ஓடுகளை விரலால தடவியே ஆராய்ஞ்சார். நண்டு மாதிரி வேட்டையாடுற உயிரினங்கள் உடைச்ச இடம், அது ஆறுன தழும்பு, ஓடு தடிச்சுப் போன விதம், இதெல்லாம் அவருக்குச் சான்றுகள். வேட்டையாடுறதும் தப்பிக்கிறதும் போட்டி போட்டு வளர்ந்த கதையை அதுலேர்ந்து எழுதினார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல பேராசிரியரா இருந்தார்.

(திரையில்: ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுகிறார். முதல் வரிசை மாணவனுக்கு அவருடைய முதுகுதான் தெரிகிறது.)

காது கேட்காத மாணவர்கள் விஷயத்துல நாம அடிக்கடி செய்ற தப்பு இது. அந்தப் பையன் நம்ம உதட்டையோ, சைகை மொழிபெயர்ப்பாளரோட கையையோ பார்த்துத்தான் நம்ம பேச்சை வாங்கிக்கிறான். அவனுக்கு இருக்கிறது ஒரு ஜோடிக் கண். "இப்ப நிறம் மாறுது பாருங்க"ன்னு நாம சொல்லும்போது அவன் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துக்கிட்டிருப்பான். குடுவைப் பக்கம் திரும்புறதுக்குள்ள நிறம் மாறி முடிஞ்சிருக்கும். முதல்ல சொல்லுங்க. நிறுத்துங்க. அவன் கண் குடுவைக்கு வந்த பிறகு ஊத்துங்க. நாலஞ்சு விநாடி கூடுதலா ஆகும், அவ்வளவுதான்.

அந்தக் கண்ணு என்னவெல்லாம் பார்க்கும்னு தெரியணுமா? ஜான் குட்ரிக் சின்ன வயசுலேயே கேட்கும் திறனை இழந்தவர். 1782-ல அல்கோல்ங்கிற நட்சத்திரம் குறிப்பிட்ட இடைவெளியில மங்கித் திரும்பப் பிரகாசமாகுறதைக் கவனிச்சார். 2 நாள், 20 மணி, 49 நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஏதோ ஒரு பெரிய இருண்ட பொருள் குறுக்கே வரலாம்னு காரணமும் சொன்னார். அடுத்த வருஷம் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்துச்சு. அப்போ அவருக்கு 20 வயசுகூட முடியலை.

(திரையில்: இரண்டு சொற்கள், பெரிய எழுத்தில் – நிறை, எடை.)

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற விஷயம் சொற்கள். "உன் எடை எத்தனை கிலோ?"ன்னு தினமும் கேட்கிறோம். வகுப்புக்குள்ள வந்ததும் கிலோகிராம்ங்கிறது நிறைக்கான அலகு, எடைக்கு நியூட்டன்னு சொல்றோம். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கிற ஆட்டிசம் உள்ள மாணவனுக்கு இது உண்மையிலேயே முரண்பாடு. மொழி வளர்ச்சி தாமதமான பிள்ளைக்கோ ரெண்டுமே காத்துல போற சொல். "வேலை"யும் அப்படித்தான். கனமான பையைத் தூக்கிப் பிடிச்சபடி ஒரு மணி நேரம் அசையாம நின்னா வியர்த்துக் கொட்டும்; இயற்பியல் கணக்குல அந்தப் பை மேல செஞ்ச வேலை பூஜ்யம். உப்பு தண்ணியில "உருகிடுச்சு"ன்னு சொல்ற பிள்ளையைத் திருத்துறோம். கரையுறதையும் உருகுறதையும் அவன் கையில பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினோமா? ஒரு கிண்ணத்துல உப்பும் தண்ணியும், இன்னொண்ணுல வெறும் பனிக்கட்டி. எது தானாவே தண்ணியாச்சு, எதுக்கு வேற தண்ணி வேண்டியிருந்துச்சு? பாடத்துக்கு முந்தின நாளே இப்படி நாலு சொல்லை மட்டும் பொருளோட பழக்கிட்டா, மறுநாள் பாடம் பாதி ஏறிடும்.

சைகை மொழியில பல அறிவியல் சொற்களுக்கு நிலைச்ச சைகை கிடையாது. எழுத்தெழுத்தா விரல்ல காட்டினா சொல்லோட எழுத்து போகும், பொருள் போகாது. முதல்ல அனுபவம், அப்புறம் சைகை. அந்தச் சைகையையும் நாமளா கற்பனை பண்ணாம, சைகை மொழி பேசுற பெரியவங்களோட சேர்ந்து முடிவு பண்ணணும்.

"கொஞ்சமா ஊத்து"ன்னு சொல்லாதீங்க. கொஞ்சம்னா எவ்வளவு? குடுவையில டேப் ஒட்டி "இந்தக் கோடு வரைக்கும்"னு காட்டுங்க. திடீர்னு "டப்"னு வெடிக்கிற சோதனை நமக்கு உற்சாகமா இருக்கலாம். சத்தம் தாங்காத பிள்ளைக்கு அதுக்கப்புறம் ஆய்வகம்னாலே பயம். என்ன சத்தம், என்ன வாசனை, எத்தனை எண்ணினதும் வரும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

கையை அசைக்க முடியாத மாணவிக்கு உதவியாளர் இருந்தா, ஒரே ஒரு விதி: அவ சொன்னதை மட்டும் உதவியாளர் செய்யணும். ஆபத்து இல்லாத வரைக்கும், தப்பாச் சொன்னாலும் அப்படியே செய்யணும். அந்தத் தப்பும் அவளுக்குச் சொந்தம். அதைக் கண்டுபிடிச்சுத் திருத்துற வாய்ப்பும் அவளுக்குத்தான்.

அறிவுசார் குறைபாடு உள்ள பையனுக்கும் ஊகிக்கிற உரிமை இருக்கு. தண்ணித் தொட்டி, ஒரு மரக்கட்டை, ஒரு ஆணி. ரெண்டு அட்டை: மிதக்கும், மூழ்கும். போடுறதுக்கு முன்னாடி அவன் அட்டையைத் தொடணும், அல்லது கண்ணாலயாவது காட்டணும். அப்புறம் பெரிய கட்டை, சின்ன ஆணி. "பெருசுதானே, மூழ்கும்"னு அவன் ஊகிச்சு, கட்டை மிதந்தா அவன் முகத்தைப் பாருங்க. அந்த ஆச்சரியம்தான் பாடம். தேர்வும் இப்படியே இருக்கலாம். எழுத்து வராத பிள்ளைகிட்ட அறிவியலை எழுதச் சொன்னா, நாம அளக்கிறது எழுத்தை. சொல்லட்டும், அடுக்கிக் காட்டட்டும், செஞ்சு காட்டட்டும்.

(திரையில்: மீண்டும் அதே மேசை. குடுவை இளஞ்சூட்டு நீரில். உணரியின் ஒலி முன்பைவிட வேகமாக இறங்குகிறது.)

இந்தத் தடவை ஸ்டாப்வாட்ச், குறியைப் பார்த்துக்கிட்டிருந்த பையன்கிட்ட. "நிறுத்து"ன்னு சொல்றது அவ. சொல்லிட்டு, சிரிஞ்சைக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடியே கேட்கிறா: "முன்னைவிடச் சீக்கிரமா இறங்குச்சே. தண்ணி சூட்டாலயா, இல்ல நான் அமிலம் கூட ஊத்திட்டேனா? அளவை மாத்தாம இன்னொரு தடவை செய்யலாமா?"